ஜெபத்தோடு நின்றுவிடலாமா மாணவர் பணி?

கிறிஸ்தவப் பள்ளிகளில் படிப்போடு மாணவர் பணியும் நடக்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு, இளங்கிறிஸ்தவ மாணவர் இயக்கம், சி.எஸ்.ஐ. சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளி என்று அதற்குப் பல வடிவங்கள். நம் சேரிகளில் முதல் தலைமுறையாகப் படித்த பலருக்கு இந்தப் பள்ளிகளும் விடுதிகளுமே வாசல் திறந்தன. அந்த நன்றி நமக்கு உண்டு. அந்த உரிமையோடுதான் கேட்கிறோம்: சாதியால் அவமானப்படும் பிள்ளைக்கு இந்தப் பணி என்ன செய்கிறது?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்கவில்லை. வள்ளியூரில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ படித்த தலித் மாணவர், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். ஆசிரியர்கள் காரணம் கேட்டார்கள், நடந்ததைச் சொன்னார். அன்றிரவே வீடு புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு.

பிள்ளையிடம் கேட்பது பாதி வேலைதான். சொன்ன பிள்ளையைக் காப்பது மீதி வேலை. யார் சொன்னது என்பது வெளியே போகாமல் இருக்க வேண்டும். புகாருக்கு உள்ளானவர்களின் பெற்றோரை அன்றே அழைத்துப் பேச வேண்டும். தேவைப்பட்டால் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும். இவை இல்லாமல் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினால் பிள்ளை தனியாகத்தான் வீடு போகும்.

அந்தச் சம்பவத்துக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, 500 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றது. திருச்சபைப் பள்ளிகள் இதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆற்றுப்படுத்தும் பயிற்சி பெற்ற அருட்சகோதரிகளும் போதகர்களும் அவர்களிடமே இருக்கிறார்கள். பார்த்தல், சிந்தித்தல், செயல்படுதல் என்பதே இளங்கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் வழிமுறை. அந்தப் பார்வை வகுப்பறைச் சாதியின் மீதும் விழட்டும்.

சபைக்குள்ளும் பார்க்க வேண்டும். 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் தேவாலயச் சாதிப் பிரச்சினை துப்பாக்கிச்சூடு வரை போனது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. ஞாயிற்றுக்கிழமை கல்லறையில் பிரிவினையைப் பார்க்கும் பிள்ளை, திங்கட்கிழமை வகுப்பில் சமத்துவப் பாடத்தை எப்படி நம்பும்?

இன்னொன்று சான்றிதழ். 1950 குடியரசுத் தலைவர் ஆணையில் பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றும் வெளியே. தமிழக அரசு இவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனாலும், மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவ மாணவர்களுக்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. இதைப் பெற்றோருக்குச் சொல்லி, விண்ணப்பம் போட வைப்பதும் மாணவர் பணிதான்.

கிறிஸ்தவர் அல்லாத நம் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். பெற்றோரின் சம்மதம் இன்றி எந்தப் பிள்ளையையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு. ஆதரவு நிபந்தனையின்றி வர வேண்டும்.

பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: சாதித் தொல்லை என்றால் எங்கள் பிள்ளை யாரிடம் சொல்லலாம்? சொன்ன பிறகு அவனுக்கு யார் பொறுப்பு? மாணவர்களே, பள்ளியில் கேட்க ஆளில்லை என்றால் 1098 அல்லது 14417 எண்ணை அழையுங்கள். பொறுத்துக்கொண்டு படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.