பரண் மேல் ஒரு டெக்

உங்கள் வீட்டுப் பரணைக் கடைசியாக எப்போது ஒழித்தீர்கள்? போகிக்குப் போகி ஒழிப்பதாகத்தான் நாம் எல்லோருமே சொல்லிக் கொள்கிறோம். ஆனால் கிழிந்த பாயும் உடைந்த முறமும் இறங்குகின்றனவே தவிர, பழைய போர்வையில் சுற்றி மூலையில் வைத்த ஒரு பெட்டி மட்டும் இறங்குவதில்லை. அதுதான் வீடியோ டெக். "ஆசையாய் வாங்கினது" என்று ஒரு வருஷம். "இன்னும் நன்றாய்த்தான் இருக்கிறது" என்று மறு வருஷம். இப்படியே இருபது போகிகள் போய்விடுகின்றன!

மந்தைவெளியில் எங்கள் எதிர் வீட்டு மாமிக்கு இந்த வருஷம் அப்படித் தள்ளிப் போட முடியவில்லை. நாற்பது வருஷத்து அடுக்கு வீடு. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். வாடகை வீட்டுக்குப் போக வேண்டும். பரண் முழுவதும் ஒரே நாளில் கூடத்துக்கு வந்துவிட்டது. நடுவே டெக். பக்கத்தில் பதினான்கு காஸெட்டுகள்.

1986-ல் மாமியின் கணவர் அதைப் பர்மா பஜாரில் வாங்கினாராம். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975-ல். 1982-ல், ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த வருஷத்தில், நம் நாட்டில் வர்ணத் தொலைக்காட்சி பிறந்தது. அதன் பிறகு டெக் மோகம் எப்படி இருந்தது என்று நடு வயதைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர் இரவுக்கு டெக்கை வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்து, காலையில் சிவந்த கண்ணோடு ஆபீசுக்குப் போனவர்கள் எத்தனை பேர்! சொந்தமாக டெக் உள்ள வீடு என்றால் தெருவிலே தனி மரியாதைதான்.

அந்த மரியாதைக்குப் பழைய பேப்பர்காரர் நூற்றைம்பது ரூபாய் விலை வைத்தார்.

"கொடுத்துடலாம்மா. புது வீட்டிலே பரணே கிடையாது" என்றாள் மருமகள். அவள் சொன்னதில் தவறில்லை. மாமியும் மறுக்கவில்லை. "கொடு, வேண்டாம்னு சொல்லலை. ஆனா இந்தக் காஸெட்டையெல்லாம் அப்புறம் எதிலே போட்டுப் பார்க்கறது?" என்று மட்டும் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான் பத்திரிகையிலே எழுதறவளாச்சே, சொல்லேன்" என்றாள்.

சகோதரிகளே, மாமி கேட்ட அந்தக் கேள்வியில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நாம் பெட்டிக்கு விலை பேசுகிறோம். ஆனால் பெட்டி வெறும் சாவிதான். பொருள் காஸெட்டுக்குள் இருக்கிறது. பீரோவைத் திறந்து பார்க்காமல் சாவியை முதலில் பழைய இரும்புக்குப் போடுவார் உண்டோ?

அதிலும் இந்தச் சாவி இனிமேல் புதிதாகக் கிடைக்காது. வி.எச்.எஸ். என்ற இந்த முறையை ஜப்பானில் ஜே.வி.சி. கம்பெனி 1976-ல் கொண்டு வந்தது. கடைசி வரையில் டெக் செய்து வந்த ஃபுனாய் என்ற ஜப்பானியக் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆகவே ஓடுகிற டெக் ஒன்று உங்களிடம் இருந்தால் அது குப்பை அல்ல. காஸெட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும் ஸ்டூடியோக்காரர்களுக்கு அது வேண்டும். ஓடாத டெக்கில்கூட உதிரி பாகங்களுக்காக ரிப்பேர்காரர்கள் கண் வைப்பார்கள்.

மாமியின் பதினான்கு காஸெட்டுகளைப் பிரித்தோம். ஒன்பது சினிமா. இரண்டு, தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ராமாயணம். மீதி மூன்றுதான் குடும்பத்துச் சொத்து: பெண்ணின் கல்யாணம், பேரனின் ஆண்டு நிறைவு, மாமாவின் சஷ்டியப்த பூர்த்தி.

டெக்கில் விளக்கு எரிந்தது, காஸெட் சுற்றவில்லை. ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக் இற்றுப்போன ரப்பர் பெல்ட்டை மாற்றி, ஹெட்டைச் சுத்தம் செய்து கொடுத்தார். அவர் சொல்லி அனுப்பிய புத்திமதி எல்லோருக்கும் பயன்படும். வெகு நாள் தூங்கிய டெக்கில் கல்யாணக் காஸெட்டை முதலில் போடாதீர்கள். போனால் போகிறது என்கிற சினிமாக் காஸெட்டைப் போட்டு, நாடாவைக் கடிக்கிறதா என்று பாருங்கள். நாடாச் சுருளில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் போடவே போடாதீர்கள். அது ஹெட்டில் ஒட்டிக்கொண்டு மற்றக் காஸெட்டுகளையும் கெடுக்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பியதாக இருந்தால் அங்கே முறை வேறு. நம் ஊர் டெக்கில் படம் சரியாக விழாமல் போகலாம். அதைக் கெட்டுப் போனது என்று எண்ணி எறிந்துவிட வேண்டாம்.

கல்யாணக் காஸெட் ஓடியது. ஊஞ்சல் சமயத்தில் நார்மடிப் புடவை உடுத்திய ஒரு கிழவி ஓரமாக நின்று லாலி பாடினாள். ஒரு நிமிஷம் இருக்கலாம். "அம்மா!" என்றாள் மாமி. அவள் அம்மாவின் போட்டோ வீட்டில் நாலைந்து உண்டு. குரல் இது ஒன்றுதான். மருமகள் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள், சரியாகக் கேட்கட்டும் என்று.

சஷ்டியப்த பூர்த்திக் காஸெட்டை நாங்கள் போடவில்லை. ஜன்னல் வழியே பார்த்தபோதே நாடா முழுக்க வெள்ளைப் பூத்திருந்தது. சுத்தம் செய்யத் தெரிந்த ஒருவரிடம் அனுப்பினோம். நாடாவே பசை விட்டு உதிர்கிறது என்று திருப்பி விட்டார். பிளாஸ்டிக் நாடாவில் இரும்புத் துகளைப் பசை வைத்து ஒட்டியதுதானே காஸெட்? சென்னையின் ஈரக் காற்றும் பரணின் வெக்கையும் அந்தப் பசையைத் தின்றுவிடும். மாமா காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. "போன வருஷமே இறக்கியிருக்கணும்" என்றாள் மாமி. வேறொன்றும் சொல்லவில்லை.

பிறர் குப்பை என்று நினைத்ததைக் காப்பாற்றிய ஓர் அம்மாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் மரியன் ஸ்டோக்ஸ் என்பவள், நூலகத்தில் வேலை பார்த்தவள், 1970-களின் கடைசியிலிருந்து 2012-ல் இறக்கும் வரையில் தொலைக்காட்சிச் செய்திகளை வீட்டிலேயே இரவு பகலாகப் பதிவு செய்து வந்தாள். சுமார் எழுபதாயிரம் காஸெட்டுகள்! பல நிலையங்கள் வைத்துக் கொள்ளாமல் விட்டதை அவள் வைத்திருந்தாள். இன்று அவை ஒரு நூலகத்தின் வசம் இருக்கின்றன. நாம் அவ்வளவு சேர்க்க வேண்டாம். மூன்று காஸெட்டைக் காப்பாற்றினால் போதும்.

ஆகவே என் யோசனை இதுதான். முதலில் காஸெட்டுகளைப் பிரியுங்கள். வீட்டு மனிதர்கள் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். மூன்று மணிக் காஸெட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும்; அவசரப்பட்டுப் பயனில்லை. பிறகு டெக் ஓடினால் விற்றுவிடுங்கள். விற்கும் முன் உள்ளே காஸெட் மாட்டிக் கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணம் அந்நியர் கையில் போக வேண்டாம். யாருக்கும் ஆகாது என்றால் மட்டும் கழியுங்கள். அதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். தாமிரத்துக்காகக் கம்பியைத் திறந்த வெளியில் எரிப்பவர்கள் உண்டு. பற்றவைப்பில் ஈயமும் இருக்கும். அந்தப் புகை யாரோ ஒருவர் குழந்தையின் மூச்சில்தான் போகிறது. மின்னணுக் கழிவுக்கென்று 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் அமலில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களிடம் கொடுப்பதே முறை.

மாமியின் டெக் காஸெட் மாற்றித் தந்த ஸ்டூடியோவுக்கே போயிற்று. ஆயிரத்து இருநூறு ரூபாய். மருமகள் பணத்தை நீட்டினாள். மாமி வாங்கிக் கொள்ளவில்லை. "அதிலே நீ ஒண்ணு பண்ணு. பாட்டி பாடறாளே, அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் என் போன்லே ஏத்திக் குடு" என்றாள்.

ஏற்றிக் கொடுத்தாயிற்று. சாயங்காலங்களில் எதிர் வீட்டிலிருந்து எங்களுக்கும் கேட்கிறது.