நீதிமன்றத்தின் லத்தீன் சொற்கள்: குடிமக்கள் அறிய வேண்டியது ஏன்?

புதுடெல்லி: "நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணை", "குற்றச்சாட்டில் முகாந்திரம் உள்ளது", "நாடாளுமன்றம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு" ஆகியவை நாள்தோறும் செய்திகளில் இடம்பெறும் தொடர்கள். இவை முறையே சுவோ மோட்டோ, பிரைமா ஃபேசி, சைனே டை என்னும் லத்தீன் தொடர்களின் தமிழ் வடிவங்கள். ஆங்கிலேயர் ஆட்சியின் வழியே இந்திய நீதிமன்றங்களுக்கு வந்த இத்தொடர்களைப் பலர் வழக்கறிஞர்களின் அலங்காரப் பேச்சாகக் கருதுகின்றனர். ஆனால், இவற்றுள் பலவற்றின் பின்னே குடிமக்களின் உரிமை ஒன்று நிற்கிறது.

பேராணைகளும் நெருக்கடி நிலையும்

அரசமைப்புச் சட்டத்தின் 32 மற்றும் 226-ஆவது பிரிவுகள் ஐந்து பேராணைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. அவற்றுள் ஹேபியஸ் கார்பஸ் முதன்மையானது. காவலில் உள்ளவரை நேரில் நிறுத்தி, காவலுக்கான காரணத்தைக் கூறுமாறு பணிப்பது இதன் பொருள். 'ஆட்கொணர்வு' என்ற தமிழ்ச் சொல் அதை அப்படியே உணர்த்துகிறது. கோ வாரண்டோ என்பது "எந்த அதிகாரத்தின் பேரில்?" என்று பொதுப் பதவியில் இருப்பவரைக் கேட்பது. மேண்டமஸ் என்றால் "ஆணையிடுகிறோம்" என்று பொருள். சட்டப்படி செய்ய வேண்டிய கடமையைச் செய்யத் தவறும் அதிகாரிக்கு எதிராக இது பிறப்பிக்கப்படுகிறது.

இச்சொற்களின் பொருள் எத்தனை முக்கியம் என்பதை 1976-ஆம் ஆண்டு உணர்த்தியது. நெருக்கடி நிலையின்போது விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டோர் ஆட்கொணர்வு மனுக்களுடன் உயர் நீதிமன்றங்களை அணுகினர். ஜபல்பூர் வழக்கு என்று அறியப்படும் வழக்கில், ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், அவ்வாறு மனு தாக்கல் செய்ய அவர்களுக்கு 'லோகஸ் ஸ்டாண்டி', அதாவது வழக்குத் தொடுக்கும் தகுதி இல்லை எனத் தீர்ப்பளித்தனர். ஒரு லத்தீன் தொடர் திறந்து வைத்த கதவை மற்றொரு லத்தீன் தொடர் அடைத்தது. நீதிபதி எச்.ஆர்.கன்னா மட்டும் மாறுபட்டார். வாழ்வுரிமையையும் தனிமனித சுதந்திரத்தையும் நெருக்கடி நிலையிலும் முடக்க இயலாது என்று 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் உறுதி செய்தது. அந்தரங்க உரிமை வழக்கில் 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஜபல்பூர் தீர்ப்பையே தவறென்று நிராகரித்தது.

மறுதரப்பையும் கேள்

'ஆடி ஆல்டெரம் பார்ட்டெம்' என்றால் "மறுதரப்பையும் கேள்" என்று பொருள். மேனகா காந்தியின் கடவுச்சீட்டு காரணம் கூறப்படாமல் முடக்கப்பட்ட வழக்கில், பாதிக்கப்படுபவரின் விளக்கத்தைக் கேட்பது நியாயமான நடைமுறையின் பகுதி என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பணிநீக்கம், உரிமம் ரத்து போன்ற நடவடிக்கைகளுக்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பப்படுவதன் அடிப்படை இந்தக் கோட்பாடே. அதன் துணைக் கோட்பாடு, தன் வழக்கில் தானே நீதிபதியாக எவரும் இருத்தல் கூடாது என்பதாகும்.

தீர்ப்பு எது, கருத்து எது?

செய்தி வாசகர்கள் அவசியம் அறிய வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. தீர்ப்புக்கு அடிப்படையான சட்டக் காரணம் 'ரேஷியோ டெசிடென்டி' எனப்படும். வழக்கை முடிவு செய்யத் தேவையின்றி இடையே கூறப்படும் கருத்து 'ஓபிடர் டிக்டா' ஆகும். அரசமைப்பின் 141-ஆவது பிரிவின்படி கீழ் நீதிமன்றங்களைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்துவது முன்னதே. விசாரணையின்போது நீதிபதிகள் எழுப்பும் கேள்விகளோ இவ்விரண்டிலும் சேரா.

2021 ஏப்ரலில் கொரோனா பரவல் குறித்துத் தேர்தல் ஆணையத்தைக் கண்டித்துச் சென்னை உயர் நீதிமன்றம் கூறிய வாய்மொழிக் கருத்துகள் நாடெங்கும் தலைப்புச் செய்தியாயின. அவை உத்தரவின் பகுதியல்ல என்பதால் நீக்க வேண்டிய தேவையே எழவில்லை என்று அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதேவேளை, விசாரணையைச் செய்தியாக வெளியிட ஊடகங்களுக்கு உள்ள உரிமையையும் அது உறுதி செய்தது. "நீதிபதி கேட்டார்" என்பதும் "நீதிமன்றம் உத்தரவிட்டது" என்பதும் ஒன்றல்ல.

எளிமையாக்கம் சாத்தியமா?

இங்கிலாந்தில் 1999-இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் விதிகள், 'எக்ஸ் பார்ட்டே' போன்ற பல லத்தீன் தொடர்களைக் கைவிட்டு எளிய ஆங்கிலத்தை ஏற்றன. அங்கு மேண்டமஸ் இன்று 'கட்டாய ஆணை' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இந்தியாவில், 348-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமாகவே தொடர்கிறது. தீர்ப்புகள் மாநில மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டு வெளியாவது வரவேற்கத்தக்கது. எனினும், ஆங்கிலத் தொடரைப் புரியாத தமிழ்த் தொடரால் மாற்றுவது மட்டும் பயன் தராது.

வழி காட்டுவது 'ஆட்கொணர்வு' என்ற சொல்லே. லத்தீன் அறியாத ஒரு தாயும், காணாமற்போன மகனுக்காக அம்மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று இன்று கேட்க முடிகிறது. தமக்குள்ள உரிமையின் பெயர் புரிந்தால்தான் குடிமக்கள் அதைக் கேட்டுப் பெற இயலும்.