காலிழந்தவரின் காலடிகள்

முன்னோரைப் போற்றாத இனம் உலகில் இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆண்டுதோறும் ஜூலை 24ஆம் நாள் முன்னோடிகள் திருநாளாகக் கொண்டாடப்படுகிறது. 1847இல் அந்நாளில்தான் மார்மன் சமயத்தாரின் தலைவர் பிரிகாம் யங் சால்ட் லேக் பள்ளத்தாக்கை வந்தடைந்தார். அவரைப் பின்தொடர்ந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள், தம் முன்னோர் பட்ட பாட்டைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வருகின்றனர். அக்கதைகளுள் ஒன்று நெல்லி அன்தாங்க் என்னும் பெண்மணியின் வாழ்வு.

1856ஆம் ஆண்டு. இங்கிலாந்திலிருந்து பெற்றோருடன் வந்த நெல்லிக்கு அப்போது வயது 9. மாட்டு வண்டிக்குப் பணமில்லாத ஏழைகளுக்காகச் சமயத் தலைமை கண்ட சிக்கன வழி, கைவண்டி! அயோவா நகரிலிருந்து ஏறத்தாழ 1,300 மைல். ஆளுக்கு 17 பவுண்டு மூட்டை. மாடு இழுக்க வேண்டிய வண்டியை மனிதர் இழுத்தனர்.

அவ்வாண்டு முதலில் சென்ற மூன்று குழுக்கள் பெருந்தீங்கின்றி ஊர் சேர்ந்தன. கடைசி இரண்டு குழுக்களோ காலந்தாழ்ந்து, ஜூலையில்தான் புறப்பட்டன. உலராத மரத்தால் செய்த வண்டிகள் வழியிலேயே உடைந்தன. அக்டோபரில் வயோமிங்கில் பனிப்புயல் சூழ்ந்தது, மாவும் குறைந்தது. இவ்விரு குழுக்களிலும் இருந்த சுமார் ஆயிரம் பேரில் 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். நெல்லியின் தாயும் தந்தையும் சில நாள் இடைவெளியில் இறந்தனர். பனியில் உறைந்த அச்சிறுமியின் கால்கள் இரண்டும் மயக்க மருந்தின்றி, கசாப்புக் கத்தியாலும் தச்சு ரம்பத்தாலும் அறுக்கப்பட்டன.

அதற்குப் பின்னும் அவர் வாழ்ந்தார்! சீடார் சிட்டியில் இல்லறம் நடத்தி, முழங்காலால் நடந்தே 6 குழந்தைகளை வளர்த்தார். பிறர் துணி வெளுத்தார். காலுறை பின்னி விற்றார். 1915இல் மறைந்தார். 1991இல் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் அவருக்குச் சிலை எழுந்தது.

சிலை வைத்தது நன்று. ஆனால், 'தியாகம்' என்ற ஒரு சொல்லோடு கதையை முடித்துவிடலாமா? அந்தக் குழந்தை தன் கால்களைத் தியாகம் செய்யவில்லை. பெரியவர்களின் அவசர முடிவு அவற்றைப் பறித்தது. பனியை அனுப்பியது இயற்கைதான். பனிக்காலத்தை நோக்கி ஏழைகளை நடத்திச் சென்றது யார்?

எச்சரிக்கை எழாமலும் இல்லை. புளோரன்ஸ் என்னுமிடத்தில் லீவை சாவேஜ் என்பவர், "முதியோரையும் குழந்தைகளையும் கொண்டு இப்பருவத்தில் மலை கடக்கலாகாது, குளிர்காலம் கழியட்டும்" என்ற கருத்தைக் கண்ணீரோடு எடுத்துரைத்தார். கடிந்துரையே பரிசாகக் கிடைத்தது. ஆயினும் அவர் ஒதுங்கி நிற்கவில்லை. தவறு என்று தாம் சொன்ன பயணத்தில், மற்றவரோடு தாமும் நடந்தார்; இறுதிவரை துணை நின்றார். செய்தி எட்டிய உடனே பிரிகாம் யங் மீட்புக் குழுக்களை அனுப்பியதும் உண்மை. ஆனால், மீட்டவரின் பெருமை அனுப்பியவரின் பிழையை மறைக்கலாகாது.

துன்பத்தைப் புகழ்வது எளிது. துன்பத்தின் காரணத்தைக் கேட்பது கடினம். காரணத்தைக் கேட்டால் முன்னோரின் புகழ் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். குறையாது! நெல்லியின் உறுதி மேலும் ஒளிரும்; சாவேஜின் துணிவும் வெளிச்சத்துக்கு வரும். முன்னோர் வண்டி இழுத்த கதையைச் சொல்லுங்கள். ஏன் இழுக்க நேர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அடுத்த தலைமுறையின் கால்களைக் காப்பது அந்த இரண்டாம் பகுதிதான்.