திறந்த நிரலைத்தான் நம்புகிறேன்

“எவனும் கை வைக்கக்கூடிய இலவச மென்பொருள். அதில் வரும் முடிவை எப்படி நம்புவது?” என்று அருமனைச் சந்திப்பில் கேட்டீர்கள், சார். கை வைக்க முடிவதால்தான் நம்புகிறேன். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

நம் ரப்பர் தோட்டங்களுக்குத் தெற்கே, இலங்கைக்கும் அப்பால், புவியீர்ப்பு சற்றே குறைந்த கடற்பரப்பு ஒன்று இருக்கிறது. பூமியின் சீரான வடிவத்தை வைத்துக் கணக்கிடும் மட்டத்தைவிடக் கடல் அங்கே சுமார் 106 மீட்டர் தாழ்வு. 1948 முதல் அறிந்த விஷயம்தான், காரணம்தான் பிடிபடவில்லை. 2023-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேவாஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும் பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள கவசப் பாறையின் 14 கோடி ஆண்டு ஓட்டத்தைக் கணினியில் மறுபடி ஓடவிட்டார்கள். பாகுநிலையையும் அடர்த்தியையும் மாற்றி மாற்றி, 19 முறை. மறைந்துபோன டெதிஸ் கடலின் தரைப்பாறை மூழ்கி ஆப்பிரிக்காவுக்கு அடியிலுள்ள சூட்டுத் திரளைக் கலைத்தது, அதிலிருந்து கிளம்பிய லேசான பாறையே காரணம் என்றார்கள். பயன்பட்ட மென்பொருள் சிட்காம்எஸ். நீங்கள் இளக்காரமாகச் சொன்ன அதே திறந்த நிரல்.

அடுத்த தலைமுறைத் திறந்த நிரலான ஆஸ்பெக்ட், வெப்பம் சட்டென்று மாறும் இடத்தில் மட்டும் கணக்கிடும் வலைக்கண்ணைத் தானே நெருக்கிக்கொள்கிறது. சமன்பாடு தீர்க்கும் புதிய முறையால் நினைவகத் தேவையும் வெகுவாகக் குறைந்துவிட்டது. நம் கல்லூரிப் பிள்ளைக்கும் உரிமக் கட்டணம் கிடையாது.

பெங்களூரு முடிவுக்கு நில அதிர்வுச் சான்று போதாது என்று வாதிடுவோர் உண்டு. வாதிடட்டும். அதே நிரலை இறக்கி, இருபதாவது முறை ஓட்டிக் காட்டட்டும். பூட்டிய மென்பொருளில் அதைச் செய்ய உங்களுக்கு யார் சாவி தருவார்கள்?