52-வதா வந்த பேரு!

 

போன வாரம் நான் படிச்ச காலேஜ் கிரவுண்டு பக்கம் ஒரு ரவுண்டு போனேன். அதே சிமென்ட் கோர்ட், அதே வலை இல்லாத ரிங். பந்து உள்ளே போச்சா, வெளியே போச்சான்னு சண்டை போட்டுக்கிட்டே ஆடுற பழக்கமும் அப்படியே இருக்கு. ரிங்குக்குக் கீழே ஆறடி மூணு அங்குலத்துல ஒரு செகண்ட் இயர் பையன். நிஜப் பேரு யாருக்கும் ஞாபகமில்ல, எல்லாருக்கும் அவன் 'லைட் ஹவுஸ்'தான்! ஆட்டம் முடிஞ்சு தண்ணி குடிச்சுக்கிட்டே கேட்டான்: "அண்ணா, ஹைட் இருந்தா என்.பி.ஏ.வுக்குப் போயிரலாமா?"

அவன்கிட்ட சொன்ன கதையை உங்ககிட்டயும் சொல்லிடறேன். ஹீரோ பேரு சத்னாம் சிங்.

பஞ்சாப்ல பர்னாலா மாவட்டத்துல பல்லோ கேன்னு ஒரு கிராமம். அங்கே விவசாயம் பார்த்துக்கிட்டு, மாவு மில்லும் வெச்சிருந்தவர் பல்பீர் சிங். அவரே ஏழடிக்கு மேல! 1995 டிசம்பர்ல பிறந்த பையன் அப்பாவைத் துரத்திக்கிட்டு வளர்ந்தான். 'இந்த உயரத்தை வயல்ல வேஸ்ட் பண்ணாதீங்க'ன்னு ஊரே சொல்ல, பல்பீர் பையனை லூதியானாவுல இருக்கிற பேஸ்கட்பால் அகாடமியில சேர்த்துவிட்டார். அங்கே கோச் சங்கரன் சுப்ரமணியன். பஞ்சாப் பசங்களை வரிசையா இந்திய டீமுக்கு அனுப்பின மனுஷன். பந்தை எப்படிப் பிடிக்கணும்னுகூடத் தெரியாம வந்த பையனை உட்கார வெச்சு ஆனா ஆவன்னாவுல இருந்து ஆரம்பிச்சார். தன் சிஷ்யன் பேரை அமெரிக்காவுல வாசிக்கிறதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கல. 2013-லயே போய்ச் சேர்ந்துட்டார்.

கட் பண்ணினா 2010. ஐ.எம்.ஜி. ரிலையன்ஸ் ஸ்காலர்ஷிப்ல நாலு பசங்க, நாலு பொண்ணுங்க அமெரிக்காவுக்கு ஃப்ளைட் ஏறினாங்க. ஃப்ளோரிடாவுல பிராடென்டன்ங்கிற ஊர்ல இருக்கிற ஐ.எம்.ஜி. அகாடமி. சத்னாமுக்கு அப்போ 14 வயசு. இங்கிலீஷ் சுத்தமா வராது. காலையில வகுப்பு, மதியம் பிராக்டிஸ், நடுவுல ஜிம். நம்ம ஊர்ல தமிழ் மீடியத்துல படிச்சுட்டு இன்ஜினீயரிங் முதல் நாள் கிளாஸ்ல உட்கார்ந்தவங்களுக்கு அந்த முழி தெரியும். அதையே ஒரு சீக்கியப் பையன், வேற கண்டத்துல, ஏழடி உயரத்துல, ஒளிஞ்சுக்க இடமில்லாம முழிச்சான்!

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகுது. அமெரிக்காவுல வழக்கமான ரூட் என்ன? ஹைஸ்கூல்ல கலக்கணும், யுனிவர்சிட்டி டீமுக்கு ஆடணும், அங்கிருந்து என்.பி.ஏ. ஆனா யுனிவர்சிட்டி டீம்ல ஆடணும்னா குறிப்பிட்ட பாடங்கள்ல மார்க் வேணும். அப்போ நுழைவுத் தேர்வு ஸ்கோரும் கேட்டாங்க, 2023-லதான் அந்த விதியை எடுத்தாங்க. 'ஸ்போர்ட்ஸ் கோட்டா சார், பார்த்துப் போடுங்க' கதையெல்லாம் அங்கே ஓடாது. சத்னாமால அந்தக் கோட்டைத் தாண்ட முடியல. அஞ்சு வருஷத்துல ஒரு புது மொழியைக் கத்துக்கிட்டு, அதே மொழியில கணக்கும் சயின்ஸும் பாஸ் பண்ணணும்னா சும்மாவா? எனக்கு அவன் மேல கோபமே வரல.

அப்போ ஸ்கூல்லருந்து நேரா என்.பி.ஏ. போக முடியாதா? ஒரு காலத்துல முடிஞ்சுது. 1995-ல கெவின் கார்னெட், 1996-ல கோபி பிரையன்ட், 2003-ல லெப்ரான் ஜேம்ஸ்... எல்லாரும் காலேஜ் வாசலையே மிதிக்காத கோடீஸ்வரங்க. 2005-ல அந்தக் கதவைச் சாத்திட்டாங்க. டிராஃப்ட் நடக்கிற வருஷம் 19 வயசு ஆகியிருக்கணும். அமெரிக்கப் பசங்கன்னா ஸ்கூல் முடிச்சு ஒரு வருஷமும் ஓடியிருக்கணும். சத்னாம் ஸ்கூல் முடிச்ச பிறகும் அதே அகாடமியில கூடுதலா ஒரு வருஷம் இருந்தாரு. வயசும் 19. காலேஜ் இல்லேன்னா என்ன, டிராஃப்ட்ல பேரைக் கொடுத்துருவோம்னு கொடுத்துட்டாரு.

2015 ஜூன் 25, நியூயார்க் புரூக்ளின். டிராஃப்ட்ங்கிறது நம்ம கவுன்சலிங் மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே நாம காலேஜைத் தேர்ந்தெடுக்கிறோம், அங்கே டீம் ஆளைத் தேர்ந்தெடுக்கும். ரெண்டு ரவுண்டு, மொத்தம் 60 பேரு. முதல் ரவுண்டு முடிஞ்சுது. 40 தாண்டுச்சு. 50-ம் தாண்டுச்சு. 52-வதா டல்லாஸ் மாவெரிக்ஸ் கூப்பிட்ட பேரு, சத்னாம் சிங்! என்.பி.ஏ. டிராஃப்ட்ல தேர்வான முதல் இந்தியர். அந்த வருஷம் ஏப்ரல்லயே சிம் புல்லர் சாக்ரமென்டோ கிங்ஸுக்காக ஆடிட்டாரே, அவர் யாருன்னு கேட்கிறவங்களுக்கு: அவர் கனடாவுல பிறந்து வளர்ந்த பஞ்சாபி. அமெரிக்காவுல காலேஜ் ஆடிட்டு வந்தவர்.

இந்தியா பூரா தலைப்புச் செய்தி. 2016-ல 'ஒன் இன் எ பில்லியன்'னு டாக்குமென்டரியே வந்துச்சு. ஆனா கொண்டாட்டத்துல யாரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. முதல் ரவுண்டுல வந்தா சம்பளம் உறுதி. ரெண்டாவது ரவுண்டுல வந்தா உறுதி கிடையாது. அதாவது, ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, ஜாயினிங் டேட் வரல!

இன்னொரு சோதனை. டிராஃப்ட்டுக்கு ஒன்பது நாள் முன்னாடிதான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் சாம்பியன் ஆச்சு. எப்படித் தெரியுமா? ஃபைனல்ஸ் நடுவுல, ஏழடி சென்டர் ஆண்ட்ரூ போகட்டை ஆரம்ப அஞ்சுலருந்து தூக்கிட்டு, ஆறடி ஆறு அங்குல இகுவோடாலாவை இறக்கினாங்க. ஓடு, எறி, திரும்ப ஓடு. ரிங்குக்குக் கீழே மலை மாதிரி நிக்கிற ஆளுக்கு மவுசு குறைஞ்சுக்கிட்டிருந்த நேரத்துல நம்ம ஆளு ஏழடி ரெண்டு அங்குல மலையா போய் நின்னாரு. டைமிங் சரியில்ல பாஸ்!

மாவெரிக்ஸ் அவரை டெக்சாஸ் லெஜண்ட்ஸ்ங்கிற கிளை டீம்ல ரெண்டு சீசன் வெச்சிருந்தாங்க. பெஞ்ச்சுலதான் அதிக நேரம். என்.பி.ஏ. மேட்ச்ல ஒரு நிமிஷம்கூட இறங்கல. அப்புறம் இந்தியா, கனடா லீக்னு சுத்தினாரு. 2019-ல தெற்காசிய விளையாட்டுக்கு முன்னாடி நடந்த ஊக்கமருந்து டெஸ்ட்ல ஹைஜெனமைன்ங்கிற பொருள் சிக்கி, ரெண்டு வருஷத் தடை. 2021-ல ஏ.இ.டபிள்யூ.ங்கிற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தோட ஒப்பந்தம் போட்டாரு. 2022 ஏப்ரல்ல டிவியில தோன்றினாரு. எதிராளியைத் தூக்கி வீசுற வேலைக்கு உயரம் கரெக்டா பொருந்திடுச்சு.

'ஊத்திக்கிட்ட கேஸ்'னு நெட்ல பலர் கிண்டல் அடிச்சாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். 14 வயசுப் பையனைத் தூக்கிட்டுப் போய் நூறு கோடி பேரு கனவை முதுகுல ஏத்திவிட்டது யாரு? அவன் கேட்டானா? நம்ம நாட்டுல அப்போ பேஸ்கட்பால் ஆடினா ரயில்வேயிலயோ பேங்க்லயோ ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை கிடைக்கும், அதோட சரி. அதைத் தாண்டி ஒருத்தன் போனதே பெரிய விஷயம். அவருக்குப் பின்னாடி கதவும் கொஞ்சம் திறந்துச்சு. 2017-ல கிரேட்டர் நொய்டாவுல என்.பி.ஏ. அகாடமி வந்துச்சு. அங்கிருந்து கிளம்பின பஞ்சாப் பையன் பிரின்ஸ்பால் சிங், 2021-ல சாம்பியன் ஆன சாக்ரமென்டோ கிங்ஸ் சம்மர் லீக் டீம்ல இருந்தாரு.

எல்லாத்தையும் 'லைட் ஹவுஸ்' வாய் திறக்காம கேட்டான். ரொம்ப நேரம் பந்தைத் தரையில தட்டிக்கிட்டே இருந்தான். அப்புறம் மெதுவா கேட்டான்:

"அண்ணா, அந்த அமெரிக்கா யுனிவர்சிட்டியில... அரியர் வெச்சிருந்தா ஆட விடுவாங்களா?"

அவனுக்கு மூணு நிலுவையில இருக்காம்!