ஆடு தொடாத செடி!

அன்புச் செல்லங்களே!

'மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?' என்று பெரியவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி நினைப்பது சரிதானா? இந்த வாரம் ஒரு செடியின் கதையைக் கேளுங்கள். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்தச் செடியின் பெயர் பர்த்வார்ட். தெற்கு ஐரோப்பாவில் தானாக வளரும். அதன் பூவின் வடிவத்தைப் பார்த்த அந்தக் கால மக்கள், பிரசவ நேரத்தில் தாய்மாருக்கு இது நல்ல மருந்து என்று நம்பினார்கள். அதன் தாவரவியல் பெயர் அரிஸ்டலோகியா. 'பிரசவத்துக்கு மிகச் சிறந்தது' என்பதுதான் அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்! பிரிட்டன் வரை கொண்டு போய், துறவி மடங்களின் தோட்டங்களில் வளர்த்தார்கள்.

அதே செடி, பல்கேரியா, செர்பியா, குரோஷியா போன்ற நாடுகளின் கோதுமை வயல்களில் களையாக மண்டியது. டான்யூப் நதியின் கிளை ஆறுகளை ஒட்டிய கிராமங்கள் சிலவற்றில் மட்டும் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. 1950-களில் மருத்துவர்கள் இதைக் கவனித்தார்கள். ஆனால், காரணம் புரியவில்லை. அறுவடையின்போது களையின் விதைகள் கோதுமையோடு கலந்து, மாவாகி, ரொட்டியாகி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் வயிற்றுக்குள் போயிருக்கின்றன. நோயாளிகளின் சிறுநீரகத்தில் அந்தச் செடியின் நஞ்சு விட்டுச் சென்ற தடயம் இருப்பதை, 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்ததும் இதைப் போன்றதுதான். உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரைகளில், ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அதே மாதிரிப் பெயர் கொண்ட அரிஸ்டலோகியா மூலிகை சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் கெட்டன. இந்தச் செடிகள் கலந்த மூலிகை மருந்துகள் புற்றுநோயையும் உண்டாக்கும் என்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002-ல் அறிவித்தது.

பர்த்வார்ட்டை எப்படி அடையாளம் காண்பது? இலை இதய வடிவில் இருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் வெளிர் மஞ்சள் பூக்கள் கொத்தாக நிற்கும். பூ ஒரு சின்னக் குழல் மாதிரி. அடியில் உருண்டையாக உப்பியிருக்கும். உள்ளே போகும் குட்டி ஈக்கள் உடனே வெளியே வர முடியாது. குழலுக்குள் இருக்கும் மயிரிழைகள் வாடிய பிறகுதான் அவற்றுக்கு விடுதலை!

'எங்கேயோ ஐரோப்பாவில் இருக்கிற செடிதானே' என்று நினைக்கிறீர்களா? இதன் உறவுக்காரர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். கரிசல் காட்டில் தரையோடு படர்ந்து, சாம்பல் பூத்த பச்சை இலையும், கருஞ்சிவப்புக் குழல் பூவுமாக நிற்கும் ஆடுதீண்டாப்பாளைதான் அது. ஈஸ்வரமூலியும் இதே குடும்பம்தான். இரண்டும் நாட்டு மருத்துவத்தில் பேர் பெற்றவை. இரண்டிலும் அதே நஞ்சு இருக்கிறது. ஆடுகூடத் தீண்டாது என்று பெயரிலேயே எச்சரிக்கை வைத்த நம் முன்னோர் கெட்டிக்காரர்கள்!

அதற்காக, கண்ட இடத்தில் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். கறுப்புச் சிறகும் சிவப்பு உடலும் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சி, இந்தக் குடும்பச் செடிகளில்தான் முட்டையிடும். அதன் புழு இந்த இலையைத் தின்றுதான் வளரும். செடியின் நஞ்சு உடம்பில் சேர்வதால், பறவைகள் அதைத் தின்னத் தயங்கும். நமக்கு நஞ்சு, அதற்குக் கவசம்!

ஆகவே குட்டீஸ், செடிகளை நன்றாகப் பாருங்கள். இலை, பூ, காய், வேர் எல்லாவற்றையும் கவனித்து நோட்டில் படம் வரையுங்கள். ஓர் இலையை மட்டும் பார்த்து, 'இதுதான் அது' என்று முடிவு கட்டாதீர்கள். அறிவியல் ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். ஆனால், தெரியாத செடி எதையும் வாயில் வைக்காதீர்கள். தம்பி, தங்கை யாராவது தின்றுவிட்டால், திட்டு விழுமே என்று மறைக்காமல் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். அந்தச் செடியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடச் சொல்லுங்கள்.

மூலிகை என்ற பெயர் மட்டும் ஒரு செடியை நல்லதாக்கிவிடாது. என்ன, நினைவில் வைத்துக்கொள்வீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்