கூரைமேல் மின்சாரமும் கூட்டுச் சுமையும்

தாம்பரத்திற்கும் மின்சாரத்திற்கும் உள்ள உறவு பழையது. 1931ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. இன்று அதே தாம்பரத்திலும், குரோம்பேட்டை, சேலையூர், மாடம்பாக்கம் முதலிய பகுதிகளிலும் வீட்டு மாடிகளில் சூரிய ஒளித் தகடுகளைக் காண்கிறோம். இது வரவேற்கத்தக்க மாறுதலே. ஆயினும் இதில் நம் சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு என்பதை நாம் இன்னும் நன்கு உணரவில்லை.

அண்மையில் அனகாபுத்தூர், குன்றத்தூர்ப் பக்கத்தில் நெசவாளர் கூட்டம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து, “தகடு போட்டவருக்கு மின்கட்டணமே இல்லை என்கிறார்கள். எனக்குச் சொந்த வீடும் இல்லை, மாடியும் இல்லை. வாரியத்தின் கடனை இனி என்னைப் போன்றவர்கள்தாம் சுமக்க வேண்டுமோ, ஐயா?” என்று கேட்டார். அப்பொழுது தக்க விடை கூற நம்மால் இயலவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்ததையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் ஆதாயத்தைக் காண்போம். ஒரு கிலோவாட் தகடு நம் பக்கத்து வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 4 யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டம், ஒரு கோடி வீடுகளுக்கு இவ்வசதியை அளிக்க வகுக்கப்பட்டது. 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் வைப்பவர்க்கு 78,000 ரூபாயும் மானியம் என்று அதில் விதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் திருத்திய கட்டணப்படி, நம் மாநிலத்தில் இரண்டு மாதத்திற்கு 500 யூனிட்டைத் தாண்டிய வீடு, அடுத்த நூறு யூனிட்டுக்குத் தலா 8 ரூபாய் 55 காசும், அதற்கும் மேல் 800 வரை தலா 9 ரூபாய் 65 காசும் தர வேண்டும். ஆகவே மிகுதியாகச் செலவிடும் வீட்டுக்கே தகட்டினால் மிகுந்த ஆதாயம். 2023இல் கைத்தறி நெசவாளர்க்கு இலவச மின்சாரம் 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. அத்தகைய குடும்பத்திற்குத் தகட்டினால் மிச்சமாவது சொற்பமே.

இனிச் சுமையைக் காண்போம். மின்வாரியம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும் பகுதியை வெளியாரிடமிருந்து நீண்டகால ஒப்பந்தங்களின் பேரில் வாங்குகிறது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 2015 ஜூலையில் அதானி நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. காலம் 25 ஆண்டுகள். இரண்டே ஆண்டுகள் கழித்து, 2017இல், நம் மாநிலம் கோரிய ஏலத்தில் சூரிய மின்சாரம் 3 ரூபாய் 47 காசுக்குக் கிடைத்தது. வேறுபாடு 3 ரூபாய் 54 காசு. ஒரு கோடி யூனிட்டுக்குக் கணக்கிட்டால் 3 கோடியே 54 லட்சம் ரூபாய்! அந்நாளில் தகட்டின் விலை அதிகம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விலை விரைந்து இறங்கிவரும் ஒரு பொருளுக்குக் கால் நூற்றாண்டுக்கு ஒரே விலை பேசுவது சிக்கனமாகுமா?

வாரியத்தின் நஷ்டம் எங்கோ மறைந்துவிடுவதில்லை. 2017 ஜனவரியில் கையெழுத்தான உதய் திட்டத்தின்கீழ் வாரியத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு ஏற்றது. அரசு ஏற்றது என்றால் நாம் அனைவரும் ஏற்றோம் என்பதே பொருள். நெசவாளர்க்குத் தள்ளுபடியும் விவசாயிக்கு இலவச மின்சாரமும் வருவதும் அதே கருவூலத்திலிருந்துதானே!

மாலை ஆறு மணிக்குமேல் தகடு பயன்படாது. அப்பொழுது அவ்வீடும் வாரியத்தின் கம்பியையே நாடுகிறது. கம்பிக்கும் மின்மாற்றிக்கும் ஒப்பந்தங்களுக்கும் ஆகும் செலவு அப்படியே நிற்க, உயர்ந்த கட்டணம் செலுத்தியவர்கள் ஒவ்வொருவராக விலகினால், எஞ்சியவர் பங்கு கூடும். ஊரார் கூடிக் கடன் வாங்கிப் பொதுக்கிணறு வெட்டிய பின், வசதியுள்ளவர் தம் தோட்டத்தில் தனிக்கிணறு வெட்டிக்கொண்டு, கோடையில் மட்டும் பொதுக்கிணற்றுக்கு வருவதை இது ஒக்கும்.

இதனால் தகடு வைப்பதைத் தடுக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. தகட்டின் பயன் மாடியில்லாதவர்க்கும் சேர வேண்டும் என்பதே நம் கருத்து. அதற்கு வழி கூட்டுறவே. குஜராத்தில் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் 2016இல் ஆறு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்தனர். தகட்டு மின்சாரத்தால் தம் பம்புகளை ஓட்டி, மிஞ்சியதை யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு மின்விநியோகக் கம்பெனிக்கு விற்க 25 ஆண்டு ஒப்பந்தம் செய்தனர். ஒப்பந்தம் என்பது பெரிய முதலாளிகளுக்கே உரியதன்று என்பதற்கு இது சான்று. டில்லியில் 2019 முதல், ஓரிடத்துத் தகட்டின் மின்சாரத்தைப் பல வீடுகளின் கணக்கில் பகிர்ந்து வரவு வைக்க விதிகள் உள்ளன. ஒரே மாடியைப் பல குடும்பங்கள் பகிரும் நம் புறநகர் அடுக்கு வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை மூன்று. சிக்கன நாணயச் சங்கங்கள், மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையையே தவணையாகக் கொண்டு, சிறு வீட்டுக்காரர்க்கு எளிய வட்டியில் தகட்டுக் கடன் தரலாம். சங்கக் கட்டடங்கள், கிடங்குகள் ஆகியவற்றின் கூரையில் கூட்டாகத் தகடு வைத்து, வரும் ஆதாயத்தை வாடகை வீட்டு அங்கத்தினர்க்கும் பங்கீடாக அளிக்கலாம். மூன்றாவது, ஒப்பந்தங்களை வாசித்துக் கேள்வி கேட்பது. 2022இல் கட்டணத்தை உயர்த்துமுன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை ஆகிய நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டது. அத்தகைய கூட்டங்களில் நம் சங்கங்கள் தீர்மானத்துடன் சென்று, ‘எந்த விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு வாங்குகிறீர்கள்?’ என்று கேட்க வேண்டும். சங்கத்தின் வரவு செலவை வரிவரியாகக் கேட்டறியும் நாம், நம் பெயரால் எழுதப்படும் இப்பெருங் கணக்கை மட்டும் கேளாமல் இருக்கலாமா?

அப்பெரியவர்க்கு நாம் கூறும் விடை இதுவே: தனித்தனியே தகடு வைத்தால் சுமை தங்களிடம் வந்து சேரக்கூடும், சங்கமாக வைத்தால் ஆதாயமும் வந்து சேரும். வரும் பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கமும் இதனை ஒரு பொருளாக வைத்து விவாதிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.